ராஜவேலு வண்டி

காஞ்சிபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவனுக்கு எந்தக் கோயிலில் எந்தச் சாமி என்று தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்ல கைடு இருக்கிறான், இல்லையென்றால் பார்ட்டியே செல்போனில் பார்த்துக்கொள்ளும். ஆனால் பார்டர் தெரியாமல் பிழைக்க முடியாது. முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பம், புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டே, "அப்படியே திருப்பதி போய்ட்டு வந்துடலாமா டிரைவர்" என்று கேட்கும். சரி என்றால் அரக்கோணம், திருத்தணி, அதற்கப்புறம் ஆந்திரா. ஆந்திராவுக்குள் நம் ஊர் வாடகை வண்டி நுழைய வேண்டுமானால் வரி கட்டி பர்மிட் போட வேண்டும்.

இப்போது எல்லாம் ஆன்லைன், வீட்டில் உட்கார்ந்தே போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவரும் வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைத்தவர் இல்லை. முதல் நாளே வரியைக் கட்டிவிட்டு, காலையில் பார்ட்டி "மாமியாருக்கு முடியல" என்று கையை விரித்தால் கட்டினது கட்டினதுதான். அதனால் டிரைவர்கள் பார்டர் வரைக்கும் போய், அங்கே ஜெராக்ஸ் கடை மாதிரி வரிசையாக இருக்கும் பர்மிட் கடைகளில்தான் போடுவார்கள். ஆர்.சி.யைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கலாம். கடைக்காரன் கம்ப்யூட்டரில் தட்டுவான். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் போனுக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னால் பேப்பரை அடித்து, ஓனர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான்.

அந்தக் கடைகளில் ஒன்றான தினேஷின் கடையில் "ராஜவேலு வண்டி" என்று குரல் கேட்டால் அப்பாதுரை எழுந்து போவான். ராஜவேலு செத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்பாதுரை ஓரிக்கைக்காரன். அப்பா பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். இவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, வேன் கழுவி, கிளீனராகி, பேட்ஜ் வாங்கி, காமாட்சியம்மன் கோயில் பக்கத்து வேன் ஸ்டாண்டில் ஆக்டிங் டிரைவராக நின்றான். சொந்த டிரைவருக்குக் காய்ச்சல், கல்யாணம் என்றால் அன்றைக்கு மட்டும் ஓட்டுகிறவனுக்கு ஆக்டிங் என்று பேர். யார் வீட்டு வண்டியாவது ஓட்டிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நடந்து வீடு திரும்புகிற வாழ்க்கை. தன் பேரில் ஒரு வண்டி நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. அவனை அடிக்கடி கூப்பிட்டவர், சொந்த வேனைத் தானே ஓட்டுகிற ராஜவேலு. குள்ளமான, சிடுசிடுப்பான, கணக்கில் நேர்மையான மனுஷர்.

ராஜவேலுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பர்மிட் போட்டு எல்லையைத் தாண்டியதும் பெண்டாட்டி பொன்னியம்மாளுக்கு போன் பண்ணி, "தாண்டிட்டேன்" என்பார். அவ்வளவுதான், வைத்துவிடுவார். பிள்ளையார்பாளையத்து வீட்டில் ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பொன்னியம்மாள், அந்த ஒரு வார்த்தை வந்தால்தான் அடுப்புப் பக்கம் போவாள்.

அவருடைய கடைசிச் சித்திரையில் ஒரு நாள் பார்டரில் சர்வர் படுத்துவிட்டது. பார்ட்டியெல்லாம் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றது. ராஜவேலு மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் பொன்னியம்மாள்தான் கூப்பிட்டாள். பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள். "பர்மிட் வரட்டும். தாண்டிட்டு போட்டுக்கிறேன்" என்றார். சர்வர் வந்தது. ஓடிபி போனது. தினேஷ் கடையிலிருந்து நம்பரைக் கேட்டுக் கத்தினான். பதில் இல்லை. எழுந்து போய் ஜன்னலில் பார்த்தால், ராஜவேலு கையிலிருந்த போனையே பார்த்தபடி இருந்தார். திரையில் ஓடிபி வந்து நின்றிருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

அன்றைக்கு அந்தப் பர்மிட்டை அடிக்கவே இல்லை. உடலை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வேனைத் திருப்பி எடுத்து வர அப்பாதுரையைத்தான் கூப்பிட்டார்கள். சீட்டில் சூடு இருந்தது. அது வெயில் சூடுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காஞ்சிபுரம் வரைக்கும் ஓட்டி வந்தான்.

சாவு விழுந்த வண்டியை வாங்க ஸ்டாண்டில் ஒருத்தனும் முன்வரவில்லை. கிறிஸ்தவனுக்கு என்ன தோஷம் என்று அப்பாதுரை வாங்கினான். பொன்னியம்மாள் சாவியைக் கொடுத்தாள், ஆர்.சி.யைக் கொடுத்தாள். இரண்டை மட்டும் கொடுக்கவில்லை. ஒன்று, பேர் மாற்றுவதற்கான கையெழுத்து. இன்னொன்று, ராஜவேலுவின் போன். கையெழுத்தைக் கேட்கப் போனால் முதலில் வருஷாந்திரம் முடியட்டும் என்றாள், பிறகு கண் ஆபரேஷன் என்றாள், அதற்குள் ஆடி வந்துவிட்டது, ஆடியில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா என்றாள். அதை ஒரு நியாயம் என்று அப்பாதுரையும் திரும்பி வந்தான்.

ஆகையால் ஒவ்வொரு முறை பார்டரில் நிற்கும்போதும் செத்தவரின் நம்பருக்கு அவன் போன் பண்ண வேண்டும். பண்ணினால் பொன்னியம்மாள் எடுப்பாள்.

"யாரு ஓட்டிக்கினு போறது?"

"நான்தான் அண்ணி, அப்பாதுரை."

தார் சுற்றும் ராட்டை மட்டும் கரகரவென்று கேட்கும். பிறகு ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகப் படிப்பாள். படித்து முடித்ததும் வைத்துவிடுவாள். சாப்பிட்டாயா, வெயிலா, மழையா என்று ஒரு வார்த்தை அவனைக் கேட்டதில்லை. அவளுக்கு வேண்டியது வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான், ஓட்டுகிறவன் இல்லை. அது அவனுக்கு உறுத்தியது. உயிரோடு இருந்தவனுக்கு ஆக்டிங் பார்த்தது போதாதென்று செத்தவனுக்கும் ஆக்டிங் பார்க்கிறோமே என்று நினைத்துக்கொள்வான்.

கண்ணாடி விஷயம் வேறு இருந்தது. டிரைவர் தலைக்கு மேலே, பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும் கண்ணாடி. அப்பாதுரை நெட்டை. அதைத் தன் உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பான். பார்டரில் பர்மிட் பேப்பரோடு திரும்பி வந்து உட்கார்ந்தால் அது கீழே இறங்கியிருக்கும், ஒரு குள்ள மனுஷன் பார்க்கிற அளவுக்கு. மெக்கானிக் ஸ்க்ரூ லூஸ் என்றான். முறுக்கினான். மேல்மருவத்தூர் போனால், வேளாங்கண்ணி போனால் அசையாத கண்ணாடி, ஆந்திரா பார்டரில் மட்டும் இறங்கியது. பார்ட்டியில் யாராவது தலை சீவியிருப்பார்கள் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவன் மனைவி சலோமி அதில் ஒரு ஜெபமாலையை மாட்டினாள். ஜெபமாலையோடு சேர்ந்து இறங்கியது.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில்தான் அது நடந்தது. பார்டர் முழுக்க வண்டி. தினேஷ் கடையில் ஆள்மேல் ஆள். "ராஜவேலு அண்ணா, ஓடிபி, சீக்கிரம்" என்று அவன் கத்துகிறான், பக்கத்து டிரைவர்கள் "ராஜவேலு, சொல்லுபா" என்று இடிக்கிறார்கள். பேரைச் சொல்லிச் சொல்லி அங்கே அவனுக்கு அதுதான் பேர் என்றாகிவிட்டது. அப்பாதுரை ஒரு காதைப் பொத்திக்கொண்டு நம்பரைப் போட்டான்.

"யாரு ஓட்டிக்கினு போறது?"

"ராஜவேலு" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. அந்தப் பக்கம் ராட்டை நின்றது. பொன்னியம்மாள் மெதுவாக ஓடிபியைப் படித்தாள். வழக்கம்போல வைக்கவில்லை.

"மாத்திர போட்டுக்கினீங்களா? தாண்டிட்டு போட்டுக்கலாம்னு வெக்காதீங்க. டேஷ்போர்டு உள்ளதான் இருக்குது."

நான் அப்பாதுரை அண்ணி என்று சொல்லியிருக்க வேண்டும். "உம்" என்றான். போன் வைக்கப்பட்டது.

வண்டிக்கு வந்தான். கண்ணாடி இறங்கியிருந்தது. பின்னால் இருந்த பார்ட்டி, யாரும் முன்பக்கம் வரவில்லை என்றது. டேஷ்போர்டைத் திறந்தான். துடைக்கிற துணி, பழைய டோல் சீட்டு, ஸ்பானர். அதற்குள் கையை விட்டுத் துழாவினான். ஓரத்தில் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது, பாதி தீர்ந்து, பாதி தீராமல். வாங்கின நாளிலிருந்து எத்தனையோ தடவை அவன் சுத்தம் செய்த பெட்டி அது. சுத்தம் செய்ததாகத்தான் நினைத்திருந்தான். மூடினான். திருப்பதி போய், திரும்பி, வீடு வந்து சேரும் வரைக்கும் அதைத் திறக்கவில்லை. பயத்தில் முதுகு சீட்டில் படாமல் ஓட்டினான்.

சலோமியிடம் சொன்னபோது அவள் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய பயம் வேறு மாதிரி.

"செத்தவங்க பேர்ல ஓடுற வண்டி. நாளைக்கு உனக்கு ரோட்ல ஏதாச்சும் ஒண்ணு ஆனா, செத்தது ராஜவேலுன்னு எழுதிட்டு போயிடுவான். நானும் புள்ளைங்களும் எந்த ஆபீஸ்ல போய் இன்னான்னு சொல்றது? பேர மாத்து. இல்லன்னா வண்டிய அவங்க வாசல்லயே வுட்டுட்டு வா."

மறுநாள் அப்பாதுரை பிள்ளையார்பாளையம் போனான். பொன்னியம்மாள் ராட்டை முன்னால் இருந்தாள். ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும், சுவரோரம் சார்ஜில் கிடந்த அந்தப் போனும்தான். அவன் உட்காரக்கூட இல்லை. கையெழுத்து வேண்டும் என்று நேராகச் சொன்னான்.

"போட்டுடலாம்பா. பேர மாத்திட்டா, இந்த போனுக்கு இன்னா வரும்?"

இத்தனை நாள் ஆடி என்றும் கண் என்றும் அவள் சொன்னதெல்லாம் இதுதான் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்தப் போனுக்கு வேறு யாரும் கூப்பிடுவதில்லை. மகள்கூடப் பக்கத்து வீட்டு நம்பருக்குத்தான் பேசுவாள்.

"அண்ணி, அன்னிக்கி நான் தெரியாம சொல்லிட்டேன். கூட்டத்துல வாய் தவறிடிச்சி."

"பேரு நீ சொன்னதுதான். உன் கொரல் எனக்கு தெரியாதா" என்றாள். நூலைக் கையால் நிறுத்தினாள். "ஆனா அந்த 'உம்' அவருதுப்பா."

வெயில் நேரம். தெருவில் தறிச் சத்தம்.

"அவரு இன்னும் பார்டர்லயேதான் குந்திக்கினு இருக்காரு. பர்மிட் வரலயே, எப்படி தாண்டுவாரு? சொன்னா சொன்னதுதான் அவருக்கு. நீ உன் சவாரிக்கு போட்டுக்கினு போற வர. அவரு வண்டிய வுட்டு எறங்க முடியாம பாத்துக்கினு இருக்காரு. என்ன ஒரு வாட்டி இட்டுக்கினு போ. என் கையால பர்மிட் போட்டு தாண்ட வெச்சிட்றேன். அப்புறம் நீ காட்டுற எடத்துல எல்லாம் கையெழுத்து போட்றேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கிறுக்கு என்று வந்திருப்பான். பார்டருக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடியைத் தூக்கி வைக்கிறவன் அப்படி வர முடியுமா. சரி என்றான்.

ஒரு புதன்கிழமை, பார்ட்டி இல்லாமல், இரண்டு பேர் மட்டும் கிளம்பினார்கள். பொன்னியம்மாள் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் போன். அரக்கோணத்தில் டீ வேண்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றாள். திருத்தணி மலை வந்தபோது கும்பிட்டாள்.

பார்டரில், அன்றைக்கு எங்கே நின்றது என்று கேட்டாள். புளியமரத்துக்கு நேராக நிறுத்தினான். தினேஷிடம் இன்னார் என்று சொன்னதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். தட்டினான். அவள் கையிலிருந்த போன் கூவியது. இவ்வளவு காலம் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் இருந்து படித்ததை, இன்றைக்குக் கடை முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்தாள். பிரிண்டர் பேப்பரைத் தள்ளியது. தினேஷ் பழக்கத்தில், "ராஜவேலு வண்டி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்பாதுரையின் கால் தானாக நகர்ந்தது. கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் போகவில்லை.

"கேக்கல போலருக்குது. இன்னொரு வாட்டி கூப்புடுப்பா" என்றாள் பொன்னியம்மாள்.

தினேஷ் அப்பாதுரையைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரியவர் ஒருவரைக் கூப்பிடுகிற மாதிரி, "ராஜவேலு அண்ணா, பர்மிட் வந்துடிச்சி" என்றான். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

அவள் பேப்பரை வாங்கிக்கொண்டு போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். டேஷ்போர்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. ஒன்றைப் பிரித்து, பர்மிட் பேப்பரின் மேல் வைத்து, தண்ணீர் பாட்டிலோடு காலிச் சீட்டில் வைத்தாள்.

"தாண்டிட்டு வேணாம். இப்பவே போட்டுக்கோங்க" என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். "எடுப்பா."

அந்தச் சீட்டில் எத்தனையோ தடவை உட்கார்ந்தவன் அப்பாதுரை. அன்றைக்கு உட்காரப் பயந்த மாதிரி அவன் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. உட்கார்ந்தான். கண்ணாடி இறங்கியிருந்தது. அதைத் தூக்கக் கை போனபோது, "இருக்கட்டும். அவரு தாண்டட்டும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கண்ணாடியில் அவனுக்குத் தன் கழுத்துக் காலர்தான் தெரிந்தது. பின்னால் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க வழியில்லாமல் வண்டியை நகர்த்தினான்.

தெலுங்குப் பலகை வந்தது. தாண்டினார்கள். கொஞ்ச தூரம் போய் ஓரம் கட்டி நிறுத்தினான். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அழுகிறாளோ என்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பொன்னியம்மாள் அழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாண்டினால் போன் வர வேண்டும். அதற்காக உட்கார்ந்திருந்தாள்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போன் வரவில்லை. அவள் அசையவில்லை. இப்படியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இவள் இருப்பாள் என்று அப்பாதுரைக்குத் தெரிந்தது. முன்னால் திரும்பிக்கொண்டான். தன் போனை ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்து அந்த நம்பரை அழுத்தினான். முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. எடுத்தாள்.

அவள் யாரு என்று கேட்கவில்லை. அவன் சொன்னான்.

"தாண்டிட்டேன்."

"சரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாத்து போங்க."

ஒரே வண்டியில், எட்டினால் தொடுகிற தூரத்தில், இரண்டு பேரும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார்கள். அப்புறம் அவள்தான் வைத்தாள். அழுதாள். அவனும் அழுதான். யாருக்காக என்று அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் கண்ணாடியைத் தூக்கி வைத்தான். அது அப்படியே நின்றது. வீட்டு வாசலில் இறங்கும்போது பொன்னியம்மாள் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "இனிமே இதுக்கு சார்ஜ் போட வேண்டியதில்ல" என்றாள். மறுநாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், கேட்ட இடத்தில் எல்லாம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரில் புரோக்கர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஓனர் பேர் அப்பாதுரை. ஊர் ஓரிக்கை. சலோமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மொபைல் நம்பர் சொல்லுங்க. ஓடிபி எல்லாம் இதுக்குத்தான் வரும்" என்றான். அப்பாதுரை வாயைத் திறந்தான். சுவரோரம் சார்ஜ் இல்லாமல் கிடக்கப்போகிற அந்தப் போன் ஞாபகத்துக்கு வந்தது. அவன் சொன்னது ராஜவேலுவின் நம்பர்.

சலோமி அவன் தொடையில் கிள்ளினாள். வெளியே வந்ததும் வாங்கு வாங்கு என்று வாங்கினாள். பேயை விரட்டிவிட்டு அதற்கு வீட்டுச் சாவியைக் கொடுத்த ஒரே ஆள் நீதான் என்றாள். அவன் நேராகப் பிள்ளையார்பாளையம் போய், "அண்ணி, போனை சார்ஜ்ல போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த திருப்பதி சவாரி தை மாதம் வந்தது. பார்டரில் நிறுத்தி, ஆர்.சி.யைக் கொடுத்து, நம்பரைப் போட்டான். நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

"யாரு ஓட்டிக்கினு போறது?"

"நான்தான் அண்ணி. அப்பாதுரை."

ராட்டை கரகரத்தது. ஓடிபியைப் படித்தாள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனான். அவள் வைக்கவில்லை.

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி. தாண்டிட்டு சாப்புட்றேன்."

"தாண்டிட்டு வேணாம்" என்றாள். "இப்பவே சாப்புடு. மாத்திர கீத்திர இருந்தா அதயும் போட்டுக்கோ. தாண்டுனதும் போன் பண்ணு. கையிலயே வெச்சிக்கினு இருப்பேன்."

தினேஷ் "அப்பாதுரை வண்டி" என்று கூப்பிட்டான். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன் பேர் என்று உறைத்தது. பேப்பரை வாங்கி வந்து சீட்டில் உட்கார்ந்தான். கண்ணாடி நேராகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் இல்லாத ஒரு பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. எல்லை இதோ, கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அதற்குள் தனக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது. அங்கே ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பார்ட்டியிடம் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய் இரண்டு இட்லி சாப்பிட்டான்.